வீட்டு வீடியோ கேசட்ட டிஸ்க்கா மாத்தக் குடுக்கப் போறீங்களா, இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க

அக்கா மகளுக்கு கல்யாணம் முடிவாச்சு. இப்பல்லாம் மண்டபத்துல பெரிய எல்இடி ஸ்கிரீன் வைக்கிறாங்கல்ல, அதுல "அம்மாவோட கல்யாண வீடியோவ கொஞ்சம் ஓட்டணும் மாமா"ன்னு பொண்ணு கேட்டுச்சு. அதுக்கென்ன, செஞ்சிரலாம்னு வாய விட்டுட்டேன். பரண்ல இருந்து சூட்கேச இறக்கிப் பாத்தா மொத்தம் ஏழு கேசட். நாலு பெருசு, விஎச்எஸ். அக்கா கல்யாணம் 1994 பார்ட் ஒண்ணு, பார்ட் ரெண்டு, தங்கச்சி சடங்கு, அப்புறம் புதூர் வீடு பால் காச்சுன 1992 கேசட். மிச்சம் மூணும் உள்ளங்கைல அடங்குற எட்டு எம்எம் கேசட், துபாய்ல இருந்த மாமா லீவுக்கு வரப்பல்லாம் ஹேண்டிகேம தூக்கிட்டு அலைஞ்சு எடுத்தது. போட்டுப் பாக்க டெக் (விசிஆர்) கிடையாது, அது எப்பவோ பேரீச்சம்பழத்துக்கு போயிருச்சு. புதுசா வாங்கலாம்னா உலகத்துலயே எவனும் செய்யிறதில்ல, ஜப்பான்ல ஃபுனாய்னு ஒரு கம்பெனி கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சு அவங்களும் 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க.

ஆக கடைல குடுக்கறத தவிர வழியில்ல. நான் ரெண்டு கடைல குடுத்தேன், முத கடைல கெடுத்தாங்க, ரெண்டாவது கடைல காப்பாத்துனாங்க. ரெண்டு கடை பேரயும் போடல, முத கடைக்காரங்க கூட சண்ட போட எனக்கு தெம்பு இல்ல, ரெண்டாவது அண்ணன் "இருக்கிற வேலையே முடியல, பேர கீர போட்டுறாத"ன்னு சொல்லிட்டாரு. ஆனா என்ன பாத்து குடுக்கணும், என்ன கேக்கணும்னு தெரிஞ்சா நீங்களே உங்க ஊர்ல ஒரு கடைய கண்டுபிடிச்சிரலாம்.

முத கடை பளபளன்னு இருக்கும். ஏசி, கண்ணாடி கதவு, செவுத்துல பூரா பிரீவெட்டிங் போட்டோ. ரிசப்ஷன்ல இருந்த தம்பி கேசட்ட கைல வாங்கி இப்படி அப்படி திருப்பிப் பாத்தப்பவே நான் உசாராயிருக்கணும், அந்த தம்பி பொறக்கறதுக்கு முன்னாடியே அது பரணுக்கு போயிருச்சு. ஒரு கேசட்டுக்கு 350 ரூபா, ஏழுக்கு 2450, ஒரு வாரத்துல ரெடின்னாங்க. ஒரு வாரம் இருபத்தாறு நாளாச்சு. போன் பண்ணி பண்ணி கேட்டா கடைசில உண்மைய சொல்றாங்க, "இங்க பண்றதில்ல சார், வெளிய குடுத்து வாங்கித் தர்றோம்". எந்த ஊரு, யாரு, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. நம்ம வீட்டுல வேற காப்பியே இல்லாத ஒரே கேசட்ட ஏதோ ஒரு பார்சல் ஆபீஸ் மூலமா எங்கேயோ அனுப்பிருக்காங்க, நமக்கு சொல்லாம. நெனச்சாலே வயித்த கலக்குது.

வந்த டிஸ்க்க போட்டா முதல்ல ஒரு மெனு வருது, ரோஜாப்பூ விழுது, ரெண்டு புறா பறக்குது. சரி போகட்டும். அடுத்து படம் வந்துச்சு. எங்க அத்தான் அப்ப ஒல்லிக்குச்சியா இருப்பாரு, சட்டைய மாட்டி விட்ட ஹேங்கர் மாதிரி. டிஸ்க்ல பாத்தா தவில் மாதிரி இருக்காரு. என்னன்னா பழைய டிவி படம் நாலுக்கு மூணு அளவு, அத இப்ப இருக்கிற அகலமான டிவிக்கு நெறையணும்னு ரெண்டு பக்கமும் இழுத்து விட்டுட்டாங்க. கல்யாணத்துக்கு வந்த ஐநூறு பேரும் குண்டு. இதுகூட பரவால்ல, தாலி கட்டுற நேரத்துல கீழ ஒரு பட்டை ஓடுது, ஸ்டூடியோ பேரு, போன் நம்பர், "ஆல்பம், டிரோன், லைவ் ஸ்ட்ரீமிங் செய்து தரப்படும்". 1994-ல கட்டுன தாலிக்கு கீழ டிரோன் விளம்பரம். அக்கா பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, டிவிய ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சு போயிருச்சு.

படம் வேற கட்டம் கட்டமா உடையுது. கேசட் ரெண்டும் சேத்து அஞ்சரை மணி நேரம், அத ரெண்டு டிஸ்க்ல அமுக்கிட்டாங்க. சாதா டிவிடி 4.7 ஜிபி. டீசண்ட்டா படம் வேணும்னா ஒரு டிஸ்க்குல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஏத்தக் கூடாது, கூட ஏத்த ஏத்த ஆள் நடந்தா மூஞ்சி கரைஞ்சு போகும். விஎச்எஸ்ஸே ஒண்ணும் துல்லியமான சாமான் இல்ல, குறுக்க 240 கோடு அளவுக்குத்தான் விவரம் இருக்கும், இருக்கறதே கொஞ்சம், அதயும் பிழிஞ்சா என்ன மிஞ்சும்.

ஆனா இது எல்லாத்தயும் விட எனக்கு ஆத்திரம் வந்தது வேற விசயத்துக்கு. மாமா எடுத்த சின்ன கேசட் ஒண்ணொண்ணும் 90 நிமிசம். டிஸ்க்ல வந்தது 38 நிமிசம், 41 நிமிசம், 52 நிமிசம். மிச்சம் எங்கன்னு கேட்டா அந்த தம்பி ரொம்ப பெருமையா சொல்றாப்ல, "தேவையில்லாதத எல்லாம் எடிட் பண்ணிட்டாங்க சார், நெறைய எடத்துல தரையும் காலும் மட்டும்தான் தெரியுது, வேஸ்ட்டு, உங்களுக்கு போர் அடிக்கும்ல".

எங்க மாமாவுக்கு ஒரு பழக்கம், எடுத்து முடிச்சா கேமராவ ஆஃப் பண்ண மறந்துருவாரு. அது பாட்டுக்கு தோள்ல தொங்கிக்கிட்டு தரைய எடுத்துட்டு இருக்கும். படத்துல செருப்பு, கோலம், கோழி, யாரோட சேலைக் கரையோ ஒண்ணு. ஆனா சத்தம் பூரா பதிஞ்சிருக்கும். கேமராவ மூஞ்சிக்கு நேரா நீட்டுனா எங்க அம்மாச்சி வாய மூடிக்கிட்டு சேலைய இழுத்து போத்திக்கிட்டு சிலை மாதிரி நிக்கும், கேமரா கீழ இறங்கிருச்சுன்னா போதும் ஆரம்பிச்சிரும், தெருவுல ஒரு வீடு பாக்கி இல்லாம வாரும். அந்த பேச்சு வேற எதுலயும் இல்ல. கல்யாண கேசட்ல இருக்கும்ல்னு கேப்பீங்க. இருக்காது. உங்க வீட்டு கல்யாண கேசட்ட போட்டுப் பாருங்க, ஒருத்தர் குரலும் இருக்காது. அப்பல்லாம் மிக்சிங்னு ஒண்ணு பண்ணுவாங்க, ரோஜாக்குள்ள பொண்ணு மூஞ்சி, இதய வடிவத்துக்குள்ள மாப்பிள்ள மூஞ்சி, ரெண்டும் சுத்திக்கிட்டே வந்து சேரும், பின்னாடி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சினிமா பாட்டு. மொத்த மண்டபமும் வாய மட்டும் அசைக்கும். கெட்டிமேளம் மட்டும் ஒரிஜினலா விட்டு வைப்பாங்க.

இதுல வெட்டுக்கு தப்பிச்ச ஒரே கேசட் வீடு பால் காச்சுன கேசட்டா இருந்திருக்கணும். ஏன்னா அப்பா அப்ப வீட்டுக் கடன்ல முழி பிதுங்கி இருந்தாரு, வீடியோகாரர் மிக்சிங்குக்கு தனியா காசு கேட்டதும் "மிக்சிங்கும் வேணாம் கிக்சிங்கும் வேணாம், அப்படியே குடுங்க"ன்னு கேசட்ட வாங்கிட்டு வந்துட்டாரு. அன்னைக்கு எங்களுக்கு எல்லாம் அவமானமா இருந்துச்சு, மத்த வீட்டு கேசட்ல எல்லாம் பாட்டு ஓடும், எங்க வீட்டு கேசட்ல ஐயர் இருமுறது வரைக்கும் கேக்கும்.

அந்த கேசட்டுக்காகத்தான் எங்க அம்மா காத்துக்கிட்டு இருந்துச்சு. அக்கா கல்யாணத்துக்காக கூட இல்ல. எங்க அம்மாவுக்கு ஒரு அண்டா கேசு இருக்கு. சீதனமா வந்த பித்தள அண்டா, பால் காச்சுன அன்னைக்கு பந்திக்கு தண்ணி ரொப்பி வச்சது, சாயந்திரம் பாத்திரம் எண்றப்ப காணோம். முப்பது வருசத்துக்கு மேலாச்சு, இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. "வீடியோவுல பந்தி வரும்ல, அதுல யாரு தூக்குனாங்கன்னு தெரிஞ்சிரும்"னு தெருவுக்கே சொல்லி வச்சிருச்சு. டிஸ்க்க போட்டோம், பசு மாடு உள்ள வந்துச்சு, ஹோமம் ஆச்சு, பால் பொங்குச்சு, அப்பத்தா எல்லாருக்கும் ஊத்துச்சு, பந்திக்கு எல போட ஆரம்பிச்சாங்க, பட்டுன்னு படம் முடிஞ்சிருச்சு. ஒரு மணி இருபது நிமிசம். அம்மா என்னைய பாக்குது, நான் ஃபேன பாக்குறேன்.

ஏன்னா எனக்கு தெரியும் ஏன் முடிஞ்சிச்சுன்னு.

1996 மார்ச் 9, சனிக்கிழம, பெங்களூர்ல வேர்ல்டு கப் குவாட்டர் ஃபைனல், இந்தியா பாகிஸ்தான். எனக்கு பதினஞ்சு வயசு. அஜய் ஜடேஜா வக்கார் யூனுசப் போட்டு பொளந்து 25 பந்துல 45 எடுத்து நம்ம ஸ்கோரு 287-க்கு போயிருச்சு, இத ரெக்கார்டு பண்ணி வைக்காம விட்டா நான் மனுசனே இல்லன்னு ஒரு வெறி. மாமா குடுத்த டெக்கு இருக்கு, காலி கேசட் இல்ல. கேசட்டோட முதுகுல இடது ஓரமா ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்லு இருக்கும், அத ஒடிச்சு விட்டா அதுக்கு மேல ரெக்கார்டு ஆகாது, வீடியோகாரங்க ஒடிச்சுத்தான் குடுப்பாங்க. ஆனா அந்த ஓட்டைல செல்லோடேப்ப ஒட்டுனா மறுபடியும் ரெக்கார்டு ஆகும், இது அந்த காலத்து பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வித்த. கைக்கு கிடைச்ச கேசட்ட எடுத்து ஒட்டி உள்ள தள்ளி ரெக்கார்ட அமுக்கிட்டேன். பாகிஸ்தானோட ஆமிர் சோகைல் நம்ம வெங்கடேஷ் பிரசாத்த ஃபோர் அடிச்சு பேட்டால கை காட்டி, அடுத்த பந்துல ஸ்டம்பு பறந்துச்சே, அது எங்க வீட்டு பந்தி மேலதான் பறந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் எந்த கேசட்டுன்னு பாத்தேன். செல்லோடேப்ப உரிச்சுப் போட்டுட்டு கேசட்ட சூட்கேசுக்கு அடில வச்சேன், அன்னைல இருந்து வாயே தொறக்கல.

முத கடைல மேட்ச பாத்ததும் வேண்டாததுன்னு அங்கயே நிறுத்திட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதின்னு கூட சொல்லலாம். ஆனா அம்மாச்சி பேச்சு விசயத்துல மனசு ஆறல, கேசட்ட எல்லாம் திருப்பி வாங்கிட்டேன். இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன், டிஸ்க் ஆயிருச்சுன்னு கேசட்ட தூக்கி போட்டுறாதீங்க. எங்க சித்தப்பா வீட்ல 2003 வாக்குல விசிடியா மாத்திட்டு கேசட்ட எல்லாம் குப்பைல போட்டுட்டாங்க, விசிடி படம் 352க்கு 288 புள்ளிதான், கேசட்ட விட மோசம், இப்ப அதுதான் அவங்களுக்கு ஒரிஜினல். நான் போடாததாலதான் தப்பிச்சேன்.

நடுவுல ஒரு முட்டாள்தனமும் பண்ணேன், ஆன்லைன்ல யுஎஸ்பி கேப்சர் குச்சி, அதாவது டெக்ல ஓடுற படத்த கம்ப்யூட்டர்ல ஏத்துற சாமான் ஒண்ணு வாங்கி தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட டெக் இரவல் வாங்கி நானே ஏத்திப் பாத்தேன். டேப்ல சிக்னல் கொஞ்சம் ஆடுனா போதும் குச்சி படத்த விட்டுரும், போகப் போக சத்தம் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம். நல்ல டேப்புக்கு ஓடலாம், முப்பது வருசம் பரண்ல கெடந்ததுக்கு ஆகாது. அந்த டெக் ஓனர்தான் இந்த ரெண்டாவது அண்ணன் இருக்கிற எடத்த சொன்னாரு.

கடைன்னு சொல்ல முடியாது. டவுன் பக்கம் ஒரு சந்து, ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடி, படி ஒரு ஆள் ஏறுனா இன்னொரு ஆள் இறங்க முடியாது. உள்ள போனா செத்த டெக் பதினஞ்சு இருபது அடுக்கி இருக்கு, உயிரோட இருக்கறது ரெண்டு. அறுபது வயசுக்கு மேல இருக்கும், பழைய கல்யாண வீடியோகாரர், பேனசோனிக் எம் சீரிஸ் கேமராவ தோள்ல வச்சு வச்சு ஒரு பக்க தோளு லேசா இறங்கி இருக்கு. நான் டிவிடி மெனுவ பத்தி கேக்க வாய எடுக்கறதுக்குள்ள அவரு கேசட்ட வாங்கி டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு கண்ணாடி வழியா பாக்குறாரு. "தம்பி, இது பூத்துருச்சு". சடங்கு கேசட்ல டேப் சுருள் ஓரத்துல வெள்ளையா பவுடர் மாதிரி, பூஞ்சை. நான் அத தூசின்னு நெனச்சிருந்தேன். "இத அப்படியே போட்டா டெக்குக்குள்ள டேப்ப படிக்கிற ஹெட்டு அடச்சுக்கும், அப்புறம் அடுத்து போடுற எல்லா கேசட்டுக்கும் ஒட்டும், முத கடைல போட்டானா இத?" போட்டாங்கண்ணேன்னேன். நாக்க உச்சு கொட்டுனாரு. சடங்கு டிஸ்க்ல ஏன் பாதிக்கு மேல மழை பேஞ்சுச்சுன்னு அப்பதான் புரிஞ்சிச்சு.

ரெண்டு நாள் நான் கூடவே உக்காந்திருந்தேன், அவரும் விரட்டல. விஎச்எஸ் கேசட்டுக்கு அடியில அஞ்சு ஸ்குரூ, கழட்டி மேல் மூடிய தூக்குனா உள்ள ரெண்டு சுருள், அவ்வளவுதான், ஒரு மூணு மணி நேர கேசட்ல 258 மீட்டர் டேப். பூஞ்சைய எடுக்க ஒரு பழைய டெக்க சுத்துறதுக்கு மட்டும் மாத்தி வச்சிருக்காரு, ஹெட்டு கிட்ட டேப் போகாது, ரெண்டு பக்கமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி, டேப் நடுவுல மெதுவா ஓடுது. துணிய பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ எடுத்து காட்டுறாரு, காப்பி டிகாசன் கலர்ல இருக்கு. வாசம் ஈரக் கோணிச் சாக்கு மாதிரி. முப்பது வருசம் திறக்காத கேசட்ட எடுத்ததும் ஓட்டக் கூடாதாம், மொதல்ல கடைசி வரைக்கும் ஒரு தடவ சுத்தி திருப்பியும் சுத்தணும், இல்லன்னா ஒட்டிக்கிட்டு இருக்கற எடத்துல அறுத்துக்கும். அறுந்தா செல்லோடேப் போட்டு ஒட்டக் கூடாது, பசை ஹெட்டுல அப்பும், டெக்குக்குள்ள ஹெட்டு இருக்கிற உருளை நிமிசத்துக்கு 1500 சுத்து சுத்துது, ஒரு பிசுறு போதும் படம் போயிரும். அதுக்குன்னு ஒட்டுற டேப் தனியா வச்சிருக்காரு. நான் பல்லு ஓட்டைல செல்லோடேப் ஒட்டுன கதைய அப்ப சொல்லல.

ஓட்டுறப்ப அவரு கண்ணு படத்துல இல்ல, படத்தோட ஓரத்துல. செவுரு, கதவு நெல, இதெல்லாம் நேரா நிக்குதா வளையுதான்னு பாக்குறாரு. பழைய டேப்ல கோடு ஒண்ணுக்கொண்ணு நேரம் தவறி வரும், அதுனால தூணு எல்லாம் பாம்பு மாதிரி நெளியும். அதுக்கு அவரு வச்சிருக்கிற மருந்து ஒரு பழைய டிவிடி ரெக்கார்டர், அதுல ரெக்கார்டு பண்றதில்ல, டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல சும்மா மாட்டி வைக்கிறாரு, படம் அது வழியா போயி வர்றப்ப நெளிவு நிமிந்து வந்துருது. கண்ணால பாத்தேன், பக்கத்துல பக்கத்துல ரெண்டு டிவில போட்டு காட்டுனாரு. எங்க மாமா கேசட்டுக்கு டெக்கே இல்ல, சோனி டிஜிட்டல் எட்டுன்னு ஒரு கேமரா, அந்த கேமரால சில மாடல் பழைய எட்டு எம்எம் கேசட்டையும் படிச்சு நேரா டிஜிட்டலா அனுப்பும். கேமராவ கம்ப்யூட்டரோட சேக்க தேவையான ஃபயர்வயர் கார்டுக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டர சாக விடாம வச்சிருக்காரு. வேகமா ஏத்த முடியாதாண்ணேன்னு கேட்டேன். "மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரம்தான் தம்பி, எவனாச்சும் அரை மணில தர்றேன்னா நம்பாத".

ரெண்டாவது நாள் மத்தியானம் நான் டீ வாங்க கீழ இறங்கிருந்தேன். மேல இருந்து சத்தம், "தம்பி, மேட்ச வெட்டணுமா?" எனக்கு உசுரே போயிருச்சு, ஏன்னா அவரு பால் காச்சு கேசட்ட போட்டிருக்காருன்னே எனக்கு தெரியாது. மேல போனா சோகைல் அவுட்டாகிட்டு இருக்காரு. நான் கதைய முழுசா சொன்னேன். மனுசன் சிரிக்கவே இல்ல. "எதயும் வெட்ட வேணாம், ஓடட்டும். மேட்சு எப்ப முடியும்?" கேசட் முடியிற வரைக்கும்னு நெனச்சேன். "நீ எப்ப நிறுத்துன?" அது ஞாபகம் இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு, மியான்தத் ரன் அவுட், நான் அத்தோட நிறுத்திருக்கேன் போல, நாலு செகண்டு பொறி பொறியா கோடு, நீலமா ஒரு பட்டை மேல ஏறுது, திடீர்னு சாம்பார் வாளி.

எனக்கு இது உறைக்கவே இல்ல இத்தன வருசமும். மேல ரெக்கார்டு பண்ணா அந்த நீளத்துக்குத்தான் அழியும், அதுக்கு பின்னாடி இருக்கறது அப்படியேதான் இருக்கும். நான் ரெண்டு நாள் கழிச்சு பாத்தப்ப மேட்ச் வந்ததும் பயந்து போயி நிறுத்திட்டேன், முத கடைக்காரனும் அதே எடத்துல நிறுத்திட்டான், ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஓட்டல. ஏழரை நிமிசம். கடைசி பந்தி. சித்தப்பா சாம்பார் ஊத்துறாரு, லைட்டு பையன் சன்கன் லைட்ட மூஞ்சிக்கு நேரா காட்டுறான், சாப்புடுற எல்லாரும் கண்ண இடுக்கிக்கிட்டு மெல்லுறாங்க, அப்பா சமையல்காரர்கிட்ட "பாயாசம் எப்படிய்யா பத்தாம போச்சு"ன்னு கேக்குறது தெளிவா பதிஞ்சிருக்கு. மிக்சிங் பண்ணியிருந்தா அந்த எடத்துல ஏதாச்சும் பாட்டு ஓடிருக்கும். பின்னாடி இப்ப மூடிட்ட கிணறு, வேப்பமரம். மரத்தடில பித்தள அண்டா.

பில்லு விசயத்துக்கு வர்றேன். பெரிய கேசட் 500, சின்னது 400, பூஞ்சை எடுத்ததுக்கு 200, டிஸ்க்கு ஒண்ணு 50 வீதம் எட்டு. கூட்டுனா 3800, "3500 குடு"ன்னாரு, நான் 3800-ஏ குடுத்தேன். முத கடைல தெண்டம் அழுத 2450-யோட பாத்தா ஆறாயிரத்து சொச்சம். ஒன்பது நாள் ஆச்சு. குறை சொல்லணும்னா இருக்கு. போன் எடுக்க மாட்டாரு. ரசீது கிடையாது, நோட்டுல பென்சில்ல எழுதிக்குவாரு. டிஸ்க் மேல மார்க்கர்ல எழுதுன எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கு. ஆனா அந்த மார்க்கர்தான் சரியாம், முத கடைல ஒட்டுன மாதிரி பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டுனா டிஸ்க் சுத்துறப்ப எடை ஒரு பக்கம் இழுக்கும், நாளாக நாளாக உரியவும் செய்யும். இன்னொண்ணு, கரண்ட் போச்சுன்னா யுபிஎஸ் ஒரு டெக்குக்கு மட்டும்தான் இருக்கு, அதனால ஒரு கேசட்ட மறுபடி முதல்ல இருந்து ஓட்ட வேண்டியதாச்சு.

டிஸ்க்க மட்டும் வாங்கிட்டு வந்துறாதீங்க. டிஸ்க் எங்க அம்மாவுக்கு, அதுக்கு ரிமோட்ல நாலு பட்டன்தான் தெரியும், பழைய பிளேயர் இன்னும் ஓடுது. எனக்கு, அக்காவுக்கு, துபாய் மாமா பசங்களுக்கு எவன் லேப்டாப்லயும் டிஸ்க் போட எடமே இல்ல. டிஸ்க் எழுதுறதும் ஒரு சாயப் படலத்துலதான், வெயிலும் சூடும் பட்டா அதுவும் போகும். நல்ல காலி டிஸ்க் கிடைக்கறதும் குறைஞ்சிருச்சு, ஒரு காலத்துல மோசர் பேர் டிஸ்க் இல்லாத பெட்டிக்கடை இல்ல, 28 ரூபாய்க்கு பட விசிடி வித்து ஊரையே மாத்துன கம்பெனி, 2018-ல திவாலாகி கலைக்க உத்தரவாச்சு. அதனால கடைல சொல்லிருங்க, டிஸ்க்கும் வேணும், ஏத்துன ஃபைல் அப்படியே ஹார்டு டிஸ்க்லயும் வேணும்னு. ரொம்ப சுருக்காத ஃபைல் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி கிட்ட வரும், எனக்கு மொத்தம் பதினஞ்சு மணி நேரம், 200 ஜிபி பக்கம் ஆச்சு. நான் ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டு போயி குடுத்தேன். அதோட போன்ல பாக்க எம்பி4 தனியா ஒரு பென்டிரைவ்ல போட்டு குடுத்தாரு. அமெரிக்கால எடுத்த கேசட் வச்சிருக்கீங்கன்னா முன்னாடியே சொல்லுங்க, அது என்டிஎஸ்சின்னு அந்த ஊரு டிவி முறை, பால் (PAL) முறைல ஓடுற நம்மூரு டெக்ல ஓடாது, ரெண்டும் ஓட்டுற டெக் இருக்கற கடையா பாக்கணும். மெனு, புறா, ரோஜா, உங்க நம்பர், எதுவும் வேணாம்னு எழுதியே குடுங்க. எங்க அப்பா 1992-ல சொன்னதத்தான் நானும் அந்த அண்ணன்கிட்ட சொன்னேன், அப்படியே குடுங்க.

ஃபைல யூடியூப்ல பூட்டி போட்டு சொந்தக்காரங்களுக்கு லிங்க் அனுப்பலாம்னு அக்கா கல்யாணத்த ஏத்துனேன், ஏத்தி முடிக்கறதுக்குள்ள பதினோரு பாட்டுக்கு காப்பிரைட்னு வந்துருச்சு. பால் காச்சு ஏத்துனேன், ஒரு எதிர்ப்பும் இல்ல. எச்டி ஆக்கித் தர்றோம், 4கே ஆக்கித் தர்றோம்னு இப்ப நெறைய பேரு விளம்பரம் பண்றாங்க, ஒருத்தர்கிட்ட பத்து நிமிசம் குடுத்துப் பாத்தேன், அப்பத்தாவுக்கு மெழுகு பொம்மை மாதிரி மூஞ்சி, மூக்குத்திய காணோம். வேணாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவ உக்கார வச்சு மேட்ச் விசயத்த ஒத்துக்கிட்டு போட்டேன். திட்டு விழும்னு பாத்தா ஜடேஜா இருந்தானே அந்த மேட்ச்சான்னு கேட்டுச்சு. பந்தி வந்துச்சு, அண்டா வந்துச்சு. கேமரா வேப்பமரத்துப் பக்கம் திரும்பி ரெண்டு செகண்டு நிக்குது, அதுக்குள்ள ஒரு ஆளு முதுக காட்டிக்கிட்டு அண்டாவ இடுப்புல ஏத்தி கேட்டுக்கு வெளிய போறாங்க, பச்ச சேலை, அவ்வளவுதான் தெரியுது. நிறுத்து நிறுத்துன்னுச்சு. நிறுத்துனேன். கிட்ட கொண்டு வாடான்னுச்சு, கொண்டு வந்தேன், பச்சையா ஒரு கட்டம், மஞ்சளா ஒரு கட்டம். இதுக்கு மேல வராதும்மா, அந்த காலத்து கேசட்டு, மூஞ்சியே தெரியலன்னேன்.

"மூஞ்சி எதுக்குடா, ஓட விடு"ன்னுச்சு. ஓட விட்டேன். மறுபடி போடுன்னுச்சு. நாலு தடவ பாத்துட்டு கண்ணாடிய கழட்டி முந்தானைல தொடச்சுச்சு.

"அந்த நடைய எனக்கு தெரியாதா. போன எடு."